விலை ஏறிய விளையாட்டுப் பெட்டி

புதுவாயல் கூட்ரோட்டில் வீடியோ கேம் கடை நடத்திய காலத்தில் அசன் முகைதீனுக்குப் பயம் என்பதே கிடையாது. ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பையன்கள் ஆட்டம் தோற்றால் பெட்டியை உதைப்பார்கள். "ஒதைடா, ஆனா அடுத்த காசப் போட்டுட்டு ஒதை" என்று சிரிப்பார். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு கடை படுத்துவிட்டது. உள்ளூரில் பலகை அடித்துச் செய்த பெட்டிகளைக் காயலான் கடையில் போட்டார். துறைமுக ஏலத்தில் எடுத்த ஜப்பான் பெட்டி மட்டும், தூக்க ஆள் கிடைக்காமல், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தங்கியது. அதன் மேல் கோழி ஏறித் தூங்கியது.

2007-ல் துளசிராமன் வந்து அந்தக் கோழியை விரட்டினார். பழைய கேம் பெட்டிகளைத் தேடித்தேடி வாங்கும் சென்னைக்காரர். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். இரண்டு பக்கமும் இருந்த நெருப்புக் கக்கும் விமானப் படத்தைத் தடவினார்.

"உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு, வெளிப் படம் ரெண்டும் ஒரிஜினல் பாய். வெளிநாட்டுல இதுக்கு வருஷா வருஷம் விலை ஏறுது. இப்பவும் வாங்கிக்கறேன். ஆனா அடுத்த ஜூன் வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா ரெண்டு மடங்கு போகும்."

ஜூனில்தான் மகள் ஹஸ்னா இன்ஜினியரிங் சேர வேண்டும். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். அசன் முகைதீன் வைத்திருக்கிறேன் என்றார்.

அன்று பிடித்தது பயம். எலி ஒயரைக் கடிக்குமோ, மழைக்காற்றில் போர்டு பூஞ்சை பூத்துவிடுமோ, விலை திடீரென்று இறங்கிவிடுமோ. திருடனை நினைத்து, பெட்டியின் விலையை மனைவி சைதாவிடம்கூடச் சொல்லவில்லை. தகரத்தில் காக்கை உட்கார்ந்தாலும் எழுந்து ஓடினார்.

"இன்னா பாய், உள்ள பொணத்தையா வெச்சிக்கினு கீற?" என்பான் பக்கத்து வீட்டு சாம்சன், கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

"பழைய சாமான்டா" என்று மழுப்புவார்.

ஜூனும் வந்தது. "நாளிக்கு மெட்ராஸ்லருந்து ஒருத்தர் பெட்டியப் பாக்க வராரு" என்று மட்டும் சாம்சனிடம் சொல்லிவிட்டு, கறி வாங்கக் கவரைப்பேட்டை போனார். திரும்பி வந்தபோது வாசலிலேயே பெயிண்ட் வாடை.

கொட்டகையில் சாம்சன் பிரஷ்ஷோடு நின்றான். பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை.

"எங்க கம்பெனில பாக்க ஆளு வந்தா மொதநாளே மெஷினுக்கு பெயிண்ட் அடிச்சிடுவோம் பாய். பழசு மாதிரி இருந்தா வெள்ளக்காரன் ஆர்டர் தர மாட்டான். எப்டி, புச்சு கணக்கா கீதா?"

அசன் முகைதீன் பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தார். இவனைத் திட்டி என்ன பயன்? தொடாதே என்று சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டான். பிரஷ்ஷை மெல்ல வாங்கி வைத்தார். அவன் போனதும் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஓர் ஓரத்தைத் துடைத்தார். பச்சையோடு விமானத்தின் இறக்கையும் துணிக்கு வந்தது. துடைப்பதை நிறுத்தினார்.

விஷயம் கேட்ட சைதா சற்று யோசித்தாள். "அந்தப் பக்கத்த செவுத்தாண்ட திருப்பிடுங்க. இந்தப் பக்கம் படம் நல்லாத்தான கீது?"

திருப்பினார்கள்.

மறுநாள் காலை கார் சத்தம் கேட்டது. வண்டியில் ஏற்றும்போது அவர் பார்த்துவிட்டால்? வாங்காமல் போய்விட்டால்? இனி வரவே மாட்டாரே! பெட்டியில் பச்சை பூசியதைவிட, அதை மறைத்ததுதான் பெரிய பயமாக இருந்தது. ஓடிப்போய் பெட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்தார். துளசிராமன் உள்ளே நுழைந்தபோது பச்சைப் பக்கம்தான் வாசலைப் பார்த்திருந்தது.

"ஐயோ! யார் பாய் இந்த வேலையப் பண்ணது?"

"நாந்தான்."

துளசிராமன் பச்சையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சொன்ன விலைல பாதிதான் பாய் குடுக்க முடியும். இன்னும் ரெண்டு வருஷம் வெச்சிருந்தா, இந்த நிலையிலயே நல்ல விலை வரலாம்..."

"வேணாங்க. இப்பவே தூக்கிக்கினு போய்டுங்க."

முதல் வருஷப் படிப்புக்கு அது போதும். அடுத்த வருஷத்துக்கு?

பெட்டி போன மாலையே மழை பிடித்தது. தகரத்தில் முதல் துளி விழுந்ததும் அசன் முகைதீன் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். பெட்டி இருந்த இடத்தில் கோழி மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தது.