இடுப்புக் கயிறும் காந்தமும்

எனக்குப் புற்று வந்த இடம் வெளியே சொல்லிக்கொள்ளும்படியான இடமில்லை. புராஸ்டேட். ராஜபாளையத்தில் விசாரிக்க வந்தவர்களிடம் கல்லடைப்பு என்று சொல்லிவைத்தாள் மனைவி. வந்தவர்களெல்லாம் வாழைத்தண்டோடு வந்தார்கள்.

மதுரையில் கதிர்வீச்சு என்று முடிவாயிற்று. அதற்குமுன் எம்.ஆர்.ஐ. கேட்டார் டாக்டர். சி.டி. படத்தில் சுரப்பியின் கரை மங்கலாகத் தெரியுமாம். காந்தப் படத்தில்தான் துலங்குமாம். அதைப் பார்த்துத்தான் கதிர் எதுவரை போகலாமென்று கோடு போடுவார். கோடு பிசகினால் ஒட்டியிருக்கும் மலக்குடலும் வெந்துபோகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கேன் சென்டரில் காலை முறை. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டுமென்றார்கள்; தண்ணீரைக் குடித்து நிரப்பிக்கொண்டு, கவுனோடு வெளி அறையில் நின்றேன். டெக்னீஷியன் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை இடுப்பருகே கொண்டுவந்தாள். அது கத்தியது.

வெள்ளி அரைஞாணை வீட்டிலேயே கழற்றிவிட்டேன். அதற்குப் பதிலாக, துணைக்கு வந்திருந்த அக்கா கட்டிவிட்ட கறுப்புக் கயிறுதான் இருந்தது. அதிலிருந்த தாயத்துக் குப்பிக்குள் ஆணித்துண்டு என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

"காத்து கருப்பு அண்டக் கூடாதுல்லா? இரும்பு வேணும்லா?"

"காந்தம் இழுத்துரும் ஆச்சி. அறுத்திருதேன்," என்று கத்தரியை எடுத்தாள் டெக்னீஷியன், தேவதானத்துப் பெண்.

"ஏட்டி! பொணத்துக்குத்தான் அரைஞாண அறுப்பாவ!"

முப்பது வருடமாக மூடநம்பிக்கையைக் கிழித்துக் கவிதை எழுதியவன் நான். மேடை மேடையாகக் கைதட்டல் வாங்கியவன். கத்தரியைப் பார்த்ததும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"முடிச்ச அவுத்துப் பாக்கலாமே..."

"ஏழு முடிச்சு அண்ணாச்சி! வெளிய நாலு பேரு காத்துக் கெடக்காவ. உசிரோட இருக்கவியளுக்குத்தான் இங்க படம் எடுக்கோம். வேண்டாம்னா ஒண்ணுக்குப் போயிட்டு வீட்டுக்குப் போங்க."

'ஒண்ணுக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் அடிவயிறு துடித்தது. பகுத்தறிவுக்கு முடியாததை மூத்திரம் முடித்துவைத்தது.

"அறு தாயி."

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

குழாய்க்குள் அரை மணி நேரம். பஞ்சு மில்லின் எல்லா மிஷின்களும் மண்டைக்குள் ஓடுகிற சத்தம். அசையக் கூடாது. நானோ ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காப்பியை முழுதாகக் குடித்திராதவன். மரணத்தைப் பற்றி அழகாக ஒரு வரி வருமென்று காத்துக்கிடந்தேன். 'அடக்கு, அடக்கு' என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

மறுவாரம் மதுரையில் டாக்டர் திரையில் காட்டினார். சுரப்பிக்கும் குடலுக்கும் நடுவே நூல் கனத்தில் ஓர் இடைவெளி.

"இம்புட்டுதானா எடம்?" என்றாள் மனைவி.

"போதும்மா. கரை தெளிவா இருக்கு. குடலைத் தொடாம அடிச்சிரலாம்."

அந்தப் 'போதும்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு என் எல்லாக் கவிதைத் தொகுப்புகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். பாதியை அவர் முன்பே கொண்டுபோய்விட்டார்.