பூவாங்குறுந்தல் பூத்த வருடம்

மனைவி இறந்த 2014-இல், கம்பெனி குவார்ட்டர்ஸின் பின்பக்கம் களை பிடுங்க ஆளில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். மழை விட்டதும் முழங்கால் உயரத்துக்குப் பூவாங்குறுந்தல் செடிகள் வளர்ந்து, பொடிப்பொடியாக ஊதா நிறத்தில் பூத்திருந்தன.

புல் வெட்ட வந்த கான்ட்ராக்ட் தொழிலாளிப் பெண் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“மருந்துக்கு வளர்த்துக்கினு இருக்கீங்களா சார்? எம் பொண்ணுக்குக் காய்ச்சலுங்க. கஷாயம் வைக்கக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?”

கவனிக்காமல் விட்டதால் முளைத்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “எடுத்துக்குங்கம்மா” என்றேன். அந்த வாரம் வீட்டில் நான் பேசியது அவ்வளவுதான்.

மறுவாரம் வந்தவர், மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீங்க சாப்டீங்களா சார்?” என்று கேட்டார். யாரும் என்னை அப்படிக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். அவர் மறுபடி வரவில்லை. பூக்கள் வெளுத்துப் பஞ்சாகிப் பறந்து முடிந்த பிறகுதான், அவரை வேறு பிளாக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது.