கதவைத் திறந்தது நான்

கொள்ளுப்பிட்டியைத் தாண்டிய பிறகுதான் காலில் கிடப்பது வேறு யாருடையதோ செருப்பு என்று தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. அன்று மத்தியானம் கொழும்பின் மறுபக்கம், கொட்டாஞ்சேனையில், அக்கா இறந்த எட்டாம் நாள் சடங்கு. அங்கே மிஸ்ஸி (வீடு வீடாக வரும் அரசாங்க மருத்துவமாது) என்னிடம் ஒன்று கேட்டார். அகப்பட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்துவிட்டேன்.

அக்கா கலியாணம் செய்யவில்லை. ஒற்றை அறையில் பிளவுஸ் தைத்துப் பிழைத்தார். நான் எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றப் போனவன். லொறியிலோ வள்ளத்திலோ வேலை முடிந்தால் வந்து சில நாள் தங்குவேன்.

அப்படி நின்ற ஒரு நாள் அந்த மிஸ்ஸி வந்தார். பக்கத்தில் சுகவனிதையர் கிளினிக் (பெண்களுக்கு நோய் முற்றுமுன் சோதிக்கும் இடம்) நடக்கிறது, அக்காவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார். கதவைத் திறந்தது நான். மிஸ்ஸி என்றால் பிள்ளைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு என்றுதான் எனக்குத் தெரியும். அக்கா அங்கே போய் நின்றால் ஒழுங்கைச் சனம் என்ன கதைக்கும் என்று யோசித்தேன்.

"அவ கலியாணம் முடிக்காதவ. அங்க அவவுக்கு என்ன வேலை?" என்றேன்.

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது. மிஸ்ஸி போன பிறகு மறுபடி கேட்டது.

அப்போது அக்காவுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம். பிறகு இரத்தம் படத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து, வழியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டொக்டர் அம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அக்காவோடு தனியே கதைத்தார். பயாப்சி (சிறு துண்டுச் சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. முந்தியே வந்திருந்தால் ஒப்பரேஷனோடு முடிந்திருக்கலாம் என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விலக்கு நின்றுபோன பின் ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும். கலியாணம் முடித்தவரானாலும் முடிக்காதவரானாலும். வீட்டு ஆண்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மருந்து ஏற்றும் நாள்களில் அக்கா பகிடி விடுவார்: "நீ ஒரு இடத்தில இவ்வளவு நாள் நிண்டது இந்த வருத்தத்தாலதான்." ஒருமுறை, மிஸ்ஸி வந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

"அண்டைக்கு மெஷினை நிப்பாட்டிப்போட்டு, மிஸ்ஸியோட போகச் சீலை மாத்தத்தான் எழும்பினனான்," என்றார். "நீ அப்பிடிச் சொன்னாப் பிறகு என்னெண்டு வெளிய வாறது?"

நான்கு மாதம் இருந்தார்.

எட்டாம் நாளில் மிஸ்ஸி கேட்டது இதுதான்: "இப்ப நான் ஆம்பிளையளோடையும் கதைக்கிறனான், அண்ணா. நாளைக்குக் காலமை அவைக்கு ஒரு கூட்டம். நீங்க வந்து அக்காவுக்கு நடந்ததைச் சொல்லுவீங்களோ?"

கூட்டம் நடந்த அந்தக் காலையில் நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் படுக்கை விரிப்புத் துவைக்கும் வேலை எடுத்தேன். கூட வேலை செய்தவர் கறை பட்ட விரிப்பொன்றைக் காலால் தள்ளினார். "இது பொம்பிளையளின்ர சங்கதி, விடும்."

நான் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். சுடுதண்ணீர் பட்டால் இரத்தம் போகாது. அந்த நான்கு மாதத்தில் என் கை கற்றது. எவ்வளவு நேரம் தேய்த்தேனோ, விரல்கள் விறைத்துவிட்டன.

"உம்மட மனிசிக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

ஐம்பத்திரண்டு என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு வந்து, "ஏன் கேக்கிறீர்?" என்று பக்கத்தில் குந்தினார்.