மிஸ்டு கால் வந்தால்தான் கேட் திறக்கும்

இணையத்தில் நெரிசல் வராமல் பார்த்துக்கொள்வது என் தொழில். வீட்டாருக்குப் புரியாத வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

டாக்டர் மாப்பிள்ளை

பெண் பார்க்க விஷ்ராந்த்வாடிக்குப் போயிருந்தேன். பிஎச்டி வாங்கியதால் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’. என்ன ஸ்பெஷாலிட்டி என்று பெண்ணின் அப்பா கேட்டார். “கன்ஜெஷன் கண்ட்ரோல்” என்றேன். நெரிசலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அவர் உடனே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, மூச்சை ஆழமாக இழுத்துக் காட்டினார்.

“ராத்திரியில படுத்தா கர்கர்னு இழுக்குது மாப்பிள்ளை. மாத்திரை மட்டும் வேண்டாம்.”

இதற்கா பிஎச்டி?

கல்யாணமாகி பாணேரில் குடியேறினோம். சந்து குறுகல் என்பதால் காலையில் கார்கள் கேட்டிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் அடுக்குமாடி ஸொசைட்டி மீட்டிங்கில் செகரட்டரி ஜோஷி என்னைக் கைகாட்டிவிட்டார். எனக்கும் உள்ளூர ஆசைதான். இணையத்தில் செய்வதையே சொன்னேன். முதலில் ஒரு காரை விடுங்கள். அது மெயின் ரோட்டைத் தொட்டதும் வாட்ச்மேனுக்கு ஒரு மிஸ்டு கால். வந்தால் அடுத்து இரண்டு கார், பிறகு நான்கு. மிஸ்டு கால் வராவிட்டால் சந்து அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அனுப்பாதீர்கள்.

ஜோஷி கண்ணாடியைக் கழற்றினார். “இவ்வளவுதானா? இதுக்கா ஆறு வருஷம் படிச்சீங்க?”

சொல்ல மறந்தது

நான்கு நாள் பிரமாதமாக ஓடியது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, என் புதிய முறையை அமெரிக்க மேலாளருக்கு விளக்க வேண்டும். அவருக்குப் பிடிக்காவிட்டால் என் திட்டத்தையே மூடிவிடுவார்கள். கிளம்பினால் கேட் மூடியிருக்கிறது, எனக்கு முன்னால் எட்டு கார். முதலில் போன தேஷ்பாண்டே போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நான் சொல்லவே இல்லை. எங்கள் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. வெட்கமாக இருந்தது.

வாட்ச்மேன் செல்வம் இதே ஊரில் கட்கிப் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர். கெஞ்சிப் பார்த்தேன். “நான் இன்னா சாப் பண்றது? மிஸ்டு கால் வராம ஒரு காடியும் உடாதேன்னு நீங்கதான சொன்னீங்க” என்றார்.

காரில் உட்கார்ந்தபடியே போனில் விளக்கினேன். பின்னால் பதினோரு கார்கள் விடாமல் ஹாரன் அடித்தன. திட்டம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். மேலாளர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அருமை. நெரிசல் எப்படி இருக்கும்னு சவுண்ட் எஃபெக்ட் போட்டு இதுவரைக்கும் யாரும் எனக்கு விளக்கினதில்லை.”

இணையத்தில் ஓடும் தகவலுக்கு ஹாரன் கிடையாது என்ற ஒரே காரணத்தால்தான் நான் இன்னும் இந்தத் தொழிலில் நிபுணனாக இருக்கிறேன்.