கொழும்பில் வெறுங்காலுக்கு இறங்குதுறை இல்லை

ஊர்காவற்றுறையில் புகையிலை ஏற்றிப் புறப்பட்ட எங்கள் பாய்த்தோணி, ஐந்தாம் நாள் வியாழன் பகல் பன்னிரண்டரைக்குக் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ரயிலென்றால் ஓர் இரவு. கடலால்தான் வருவேன் என்று நின்றவன் நான். அதில் வருத்தமும் இல்லை. கற்பிட்டியிலும் நீர்கொழும்பிலும் முன்பின் அறியாதவர்கள் எங்கள் கயிற்றை வாங்கிக் கட்டினார்கள். எவரும் என் வெறுங்காலைப் பார்க்கவில்லை.

தோணியில் மிதியடியோடு ஏறக்கூடாது. கற்பூரம் கொளுத்தியே பாய் விரிப்பார்கள். ஏறும்போதே என் புதுச் சப்பாத்தை வாங்கிய தண்டையல், அதாவது தோணித் தலைவர், அதைப் பத்திரமாக அடித்தட்டில் வைத்தார். அதன்மேல் எழுபது சிப்பம் புகையிலை ஏறிற்று.

மூன்று மணிக்கு வெள்ளவத்தைப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியர் வேலைக்கு எனக்கு நேர்முகம். சரக்குத்துறையில் இடம் கிடைக்க நேரமாகும் என்றார்கள். ஆகவே தண்டையல் சிறு ஓடத்தில் துடுப்பு வலித்து என்னைப் பயணிகள் துறைக்குக் கொண்டுவந்தார். படியில் ஒரு சிங்களக் காவலாளி மறித்தார். தம்பி என்பதற்கு அவர் 'மல்லி' என்றார்.

"சப்பாத்து இல்லாத ஆக்கள் இதால ஏற ஏலாது, மல்லி."

"சப்பாத்து இருக்கு ஐயா. புகையிலைக்குக் கீழ."

"அப்ப புகையிலை இறங்கினாப் பிறகு வாங்க."

தண்டையல் சிரிப்பை அடக்கினார். "தம்பி, என்ர சால்வையைக் காலில சுத்திக்கொண்டு ஏறுமன்."

அப்போது வெள்ளை உல்லாசப் படகொன்று வந்து ஒட்டியது. அரைக்காற்சட்டை போட்ட ஆங்கிலேயர் ஒருவர் கயிற்றோடு படியில் குதித்தார். வெறுங்கால், விரலிடுக்கில் தார் வேறு. காவலாளி சலாம் வைத்து, கயிற்றை வாங்கித் தாமே கட்டினார்.

"அந்தத் துரையின்ர சப்பாத்து எந்தப் புகையிலைக்குக் கீழ கிடக்கு?" என்று கேட்டேன்.

காவலாளி குனிந்து தம் காலைப் பார்த்தார். அதுவும் வெறுங்கால்தான்.

"எனக்கு உத்தரவு, மல்லி. நான் போட்ட சட்டமில்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரக்குத்துறைக்குப் போய், சுங்கச் சோதனைக்கு நின்று, கோட்டை ரயில் நிலையத்தில் பதினைந்து சதத்துக்கு டிக்கட் எடுத்து, ஐந்து மைல் ரயிலில் வெள்ளவத்தை சேரும்போது நாலு பத்து.

"மூண்டு மணி எண்டெல்லோ எழுதினனாங்கள்?" என்றார் தலைமையாசிரியர். வேலை இன்னொருவருக்குப் போயிருந்தது. என் காலை அவர் ஒருமுறையும் பார்க்கவில்லை.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டுக்குத் தண்டையல் சப்பாத்தைக் கொண்டுவந்தார். புகையிலை மணத்தது.

"வேலை?"

"போயிட்டுது, அண்ணை."

சப்பாத்தில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளைத் தட்டினார். "இனி உம்மட சப்பாத்தைப் பாய்மரத்தில கட்டித் தொங்கவிடுறன்."

ஞாயிறு காலை அதே தோணியில் ஊர் திரும்பினேன். ஏறுபலகையில் சப்பாத்தைக் கழற்றியபோது எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் புறப்பட்ட அன்று ஊர்காவற்றுறையில் சோதனைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியையும் தண்டையல் அதே பலகையில் நிறுத்தி, கழற்றவைத்துத்தான் ஏற்றினார்.