ஒன்பதுக்கும் ‘சரிங்க’ சொன்ன ஊர்

அக்டோபர் இரண்டாம் தேதி விடுமுறைக்கு எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். மலைப்பாதையில் வண்டி வரிசையில் நின்று பெட்ரோலை எரிக்க எனக்குப் பொறுமை கிடையாது. நான் கிராம சபை பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். ஊராட்சிகளுக்கென்று மத்திய அரசு ஒன்பது இலக்குகள் வைத்திருக்கிறது. வறுமை ஒழிப்பு, தண்ணீர், சுகாதாரம், குழந்தைகள் என்று அது போகும். அதில் ஒன்றிரண்டை ஊர் கூடித் தேர்ந்தெடுத்துத் தன் ஆண்டுத் திட்டத்தில் எழுத வேண்டும். தில்லிப் பட்டியலும் ஊர்த் தேவையும் எப்படி ஒத்துப்போகின்றன என்று நேரில் பார்க்க ஆசை.

கோவை காந்திபுரத்தில் காலை 8.20க்குத் தொண்டாமுத்தூர் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஜன்னலோரமும் கிடைத்தது. 9.25க்கு இறங்கி, காபியும் இரண்டு பணியாரமும் நாற்பது ரூபாய். அங்கிருந்து மலையடிவார ஊருக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். “சொந்தக்காரங்க ஊடுங்களா அம்மணி?” என்று ஓட்டுநர் கேட்டார். கிராம சபைக்கு என்றேன். “எங்கூரு சபைக்கே நான் போனதில்லீங்க” என்றவர், இறங்கும்போது பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார். வழியெல்லாம் தென்னை, எதிரே மேகம் இறங்கிய மலை. மனசு துள்ளியது.

பதினொரு மணிக்கு ஊராட்சி அலுவலகத்தின் முன் ஷாமியானாவில் கூட்டம் தொடங்கியது. நூறு பேர் இருக்கலாம். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். ஊராட்சிச் செயலர் இலக்குகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

“வறுமையில்லாத ஊராட்சி?”

“சரிங்க.”

“தண்ணீர்த் தன்னிறைவு?”

“ஆகட்டுங்க.”

ஒன்பதுக்கும் இப்படியே. வெளியூரிலிருந்து வந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு வாய் வராது. விருந்தாளி இலையில் மறுக்காமல் சாப்பிடுவதுபோல எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. செயலர் ஒன்பதையும் எழுதியேவிட்டார்.

அதிகாரி பேனாவை மூடினார். “எல்லாத்துக்கும் சரின்னா ஒண்ணுமே நடக்காதுங்க. இந்த வருஷம் ஒண்ணு ரெண்டு மட்டும் சொல்லுங்க.”

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பால்வாடி டீச்சர் சாந்தாமணி என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார்.

“ஏனுங்க, ஒம்பதும் நல்லதுதானுங்க. ஆனா இப்ப எட்டு வேண்டாமுங்க. பசங்க மட்டும் போதுமுங்க.”

பால்வாடி காட்டோரம் இருக்கிறதாம். சத்துமாவு வாசனைக்கு யானை வந்து சுவரை இடித்திருக்கிறது. அதிலிருந்து பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதில்லை. “பதிவேட்டுல பதினெட்டுப் பசங்க, வாரது நாலு. பசங்களுக்குப் பதிலா யானைதான் சத்துமாவுக்கு வருதுங்க. இப்படியே போனா மையத்தை மூடிப்போடுவாங்க.” சிரித்தவர்கள் கடைசி வாக்கியத்தில் அடங்கினார்கள்.

முன்வரிசையில் ஒரு தோப்புக்காரர் எழுந்தார். “தண்ணியத்தான் முதல்ல வெக்கணுமுங்க டீச்சர். என்ற தென்னை காயுதுங்க.”

“காயுதுங்க, நானும் பாத்தேனுங்க. உங்க பேத்தி மூணு மாசமா ஊட்டுலயே இருக்காளுங்க. அதையும் பாத்தேனுங்க.”

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அலுவலகத்தை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் சேவை மையக் கட்டடத்தை டீச்சர் காட்டினார். பால்வாடியை இடம் மாற்றுவது குழந்தை நேய ஊராட்சி என்ற இலக்கில் அடங்கும் என்றார் அதிகாரி. “கட்டடம் ஊராட்சியோடது, பால்வாடி அரசாங்கத்தோடது. நீங்க தீர்மானம் போடுங்க, அனுமதிக்கு நான் அலையறேன்.” கை தூக்கச் சொன்னபோது முதல் கை தோப்புக்காரருடையது. எனக்கு அந்த ஊரில் ஓட்டில்லை. இருந்தால் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

போக நினைப்பவர்களுக்கு: கிராம சபையை யாரும் வேடிக்கை பார்க்கலாம், பேசுவது ஊர்க்காரர் உரிமை. பின்வரிசையில் உட்காருங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்த வண்டியின் நம்பரை வாங்கி வையுங்கள். யானை நடமாட்டம் உள்ள பகுதி, நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மொத்தச் செலவு 320 ரூபாய். ஊட்டிக்குப் போனவர்களின் பார்க்கிங் கட்டணத்தை விசாரித்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

ஒன்று புரிந்தது. மேலே இருந்து வரும் பட்டியல் மோசமில்லை. அதில் எட்டை ஒதுக்கி வைக்க ஊரில் ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும்.

பொங்கல் கழிந்து, அன்றே வாங்கி வைத்திருந்த நம்பரில் டீச்சருக்கு போன் செய்தேன். பால்வாடி மாறிவிட்டதா, புது இடம் எப்படி என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டேன். “சத்தமாப் பேசுங்க அம்மணி,” என்று அவர் கத்தினார், “இங்க பசங்க போடற கூச்சல்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுங்க!”