அமோனியாவும் அத்தரும்

என் மாமுவைப் போல ஒரு பொறுமைசாலி உலகத்திலேயே கிடையாது என்பது அம்மாவின் கட்சி. அதற்கு அவள் காட்டும் அத்தாட்சி, தீய்ந்த சோறு. அடிப்பிடித்திருந்தாலும் ஊசிப்போயிருந்தாலும் மாமு தட்டைக் காலி செய்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவார். நான் முகம் சுளித்தால், "எங்கண்ணனப் பார்த்துக் கத்துக்கோ" என்பாள். நான் பிறந்த சில மாதங்களிலேயே அத்தா மவுத்தாகிவிட, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் மாமுவின் வீட்டில்தான் வளர்ந்தேன். வீட்டின் முன்பகுதி அவருடைய அத்தர் கடை.

கடையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. வடக்கேயிருந்து புதுச் சரக்கு வந்தால் மாமு ஒரு பொட்டு எடுத்துத் தன் புறங்கையில் தேய்த்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "இன்னா சொல்லுது, மருமவனே?" சந்தனமா, மல்லியா, கலப்படமா என்று நான் சொல்ல வேண்டும். சொன்னதும் தானும் ஒருமுறை முகர்ந்துவிட்டு, "சரிதான்" என்று தலையாட்டுவார். இந்தப் பரீட்சைக்கு முடிவே கிடையாதா என்று எரிச்சலாக இருக்கும். ஒருமுறைகூட நான் தோற்றதில்லை என்பதில் கர்வமும் உண்டு.

அது யுத்த காலம். ஐந்தாவது பாரம், இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு, வந்ததும் கெமிஸ்ட்ரி எடுத்தேன். காலேஜில் சயன்ஸ் படிக்க வேண்டுமானால் ஹைஸ்கூலிலேயே அதை எடுத்திருக்க வேண்டும், விட்டால் விட்டதுதான். அம்மாவுக்கு இஷ்டமில்லை. "ஆசிட்டு, கேஸுன்னு எதையாவது மோந்து தொலைக்கப் போறான்" என்றாள். மாமு வெகுநேரம் யோசித்துவிட்டு, சரி என்றார்.

அம்மா சொன்ன நேரம், அப்படியே நடந்தது. வாத்தியார் ஒருநாள் நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கி, கவிழ்த்த ஜாடியில் அமோனியாவைப் பிடித்தார். "கையால விசிறி, தூரத்துலேர்ந்து மோந்து பாருங்கோ. ஜாடிகிட்ட யாரும் மூக்கைக் கொண்டுபோகப்படாது" என்றார். பையன்கள் எல்லாரும் விசிறினார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அத்தர் கடைக்காரனுக்கா மோந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார் என்ற நினைப்பு. கடையில் செய்வதுபோலவே கண்ணை மூடி, ஜாடியின் வாயில் ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தேன்.

மண்டைக்குள் தீ வைத்த மாதிரி இருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு பெஞ்சில் படுக்கவைத்தார்கள். பள்ளிக்கூடம் விடுவதற்குள் எரிச்சல் அடங்கிவிட்டது. ஆனால் கடைப்படி ஏறும்போது எப்போதும் முகத்தில் வந்து மோதும் வாசனை அன்று வரவில்லை. சாம்பிராணிப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெய் டின்னை முகர்ந்தேன். இரண்டும் வெறும் காற்றாக இருந்தன.

அன்றைக்கென்று பார்த்துப் புதுச் சரக்கு வந்திருந்தது. மாட வீதியிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் சந்தன அத்தருக்காகக் காத்திருந்தார். மாமு புறங்கையை நீட்டினார். முகர்ந்தேன், மறுபடி முகர்ந்தேன். எதையாவது சொல்லிவைக்கலாமா என்று தோன்றியது, தைரியம் வரவில்லை.

"வாசனை வரல மாமு. க்ளாஸ்ல அமோனியா மோந்துட்டேன்" என்றேன்.

மாமுவின் முகம் வெளுத்தது. என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி மூக்குக்குள் பார்த்தார். பிடித்த பிடியை விடவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்தவரிடம் திரும்பி, இன்றைக்குச் சரக்குத் தருவதற்கில்லை என்றார்.

"ஏன் பாய், புட்டி இங்கேதானே இருக்கு?" அவரே மூடியைத் திறந்து முகர்ந்தார். "நன்னாத்தானே இருக்கு."

"உங்களுக்கு நல்லாத்தான் கீதுங்க. நல்ல சரக்குன்னு நான் சொல்லித் தரணும்ல" என்றார் மாமு.

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே வேறு கடைக்குப் போனார். மாமு பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கடையை அடைத்தார். அப்போது வெயில்கூட இறங்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் பழைய பன்னீரும் சாம்பிராணியும் மட்டும் விற்றார். புதுப் புட்டிகளை யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லாம் எனக்காகத்தான், என்னைத் தண்டிக்கத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கெமிஸ்ட்ரியை விட்டுவிடு என்று மாமு எப்போது சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ காலையும் மாலையும் என் தலையில் போர்வையைப் போட்டு நொச்சி இலை ஆவி பிடிக்கவைத்தார். திருவல்லிக்கேணி ஹக்கீம் வைத்தியரிடம் கூட்டிப்போனார். விடிந்ததும் முதல் வேலையாகத் தலையணையை முகர்வேன். ஒன்றும் வராது. அழுகைதான் வரும்.

சாப்பாடும் மண்ணாகிவிட்டது. எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்பதால் போட்டதைத் தின்றேன். அம்மாவுக்கு இதில் மட்டும் சந்தோஷம். "இப்பத்தான் மாமு மாதிரியே ஆயிருக்கான்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமு பாதிச் சோற்றை முடித்திருந்தார். நான் ஒரு வாய் வைத்ததும் துப்பினேன்.

"தீஞ்சுபோயிருக்கும்மா."

"வந்துட்டான் குத்தம் சொல்ல. அண்ணன் சாப்பிடல?" என்று அம்மா ஆரம்பித்தாள்.

மாமுவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "இன்னா சொன்னே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், கழுவாத கையோடு கடைக்குள் ஓடி அந்தச் சந்தனப் புட்டியைக் கொண்டுவந்தார். முகர்ந்தேன். சந்தனம் இருந்தது. அதற்கு அடியில் ஏதோ மட்டமான எண்ணெயின் காறல் வாடையும் இருந்தது. சொன்னேன்.

மாமு கண்ணை மூடிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கலப்படச் சரக்கு வந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட வியாபாரியை நான் பார்த்ததில்லை.

"இனிமே அந்த க்ளாஸே வேணாண்ணே" என்றாள் அம்மா. மாமு புட்டியை மூடினார். மூடிய பிறகும் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"படிக்கட்டும்" என்றார் கடைசியில். "மூக்க மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோ, மருமவனே."

பரீட்சையில் மறுபடி பாஸானதால்தான் விடுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

கெமிஸ்ட்ரி படித்து வேலைக்கும் போனேன். மாமுவும் மவுத்தாகிவிட்டார். அதற்கு வெகுகாலம் கழித்து, என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு விஷக்காய்ச்சலில் முகரும் சக்தி போய்விட்டது. ஊசிப்போன சாம்பாரை அவர் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்தபோதுதான் மாமுவின் பொறுமை எனக்குப் புரிந்தது. அந்தக் கடைக்கு இருந்தது ஒரே ஒரு மூக்கு, அது என்னுடையது. அதைத்தான் அவர் திங்கட்கிழமை காலையில் மறுபடியும் கெமிஸ்ட்ரி வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.